அடித்தல் திருத்தல் உண்டு: நம் லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

காட்பாடி காந்தி நகரிலிருந்து எழுதுகிறேன். நம் பிட்காயின் லைப்ரரியின் (பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தைக் கையாள மற்றவர்கள் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பின்) டாக்ஸை, அதாவது விளக்கப் பக்கங்களை, நான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். மெர்ஜ் செய்யும், அதாவது மாற்றங்களை லைப்ரரியில் சேர்க்கும் உரிமை உங்கள் ஐந்து பேரிடம் இருக்கிறது. ஐந்து பேருக்கும் தமிழ் தெரியும், இரண்டு பேர் இதே காட்பாடியில் படித்துவிட்டுப் போனவர்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தனியாக உங்களுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். இந்த முறை திறந்த மடலாக எழுதுகிறேன், ஏனென்றால் நம் லைப்ரரியை நம்பி நிரல் எழுதுகிறவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

ஒரே ஒரு விதியைக் கேட்கிறேன். ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) நடந்துகொள்ளும் விதம் மாறினால், அதைப் பற்றிய டாக்ஸும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்) மாற வேண்டும். மாறாவிட்டால் மெர்ஜ் செய்யக் கூடாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். போன ஆனி மாதத்தில் குடியாத்தத்திலிருந்து ஒரு பையன் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தான். கல்லூரி இரண்டாம் வருடம், அப்பா லுங்கி நெய்கிறவர். காட்பாடி ஸ்டேஷன் எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது, அவன் தொடவில்லை. கீறல் விழுந்த போனை என் பக்கம் திருப்பி, "அக்கா, நீங்க எழுதின பக்கத்துல இருக்கறத அப்படியே காப்பி பண்ணேன். மீதி எங்க போச்சு?" என்றான்.

திரையில் பார்த்தேன். அவனிடம் இருந்தது 80,000 சதோஷி. (ஒரு பிட்காயின் என்பது 10 கோடி சதோஷி.) நண்பனுக்கு 10,000 அனுப்பியிருக்கிறான். கட்டணம் என்ற இடத்தில் 70,000 என்று இருந்தது. அன்றைய விலைக்குச் சுமார் 3,500 ரூபாய். பகுதிநேரமாகக் கடையில் நின்று சேர்த்த காசு அது.

இது எப்படி நடந்தது என்று உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிட்காயினில் வங்கிக் கணக்குபோல இருப்புத் தொகை என்று ஒன்று கிடையாது. வந்து சேர்ந்த துண்டுகள்தான் இருக்கின்றன, ஒவ்வொரு துண்டையும் முழுசாகத்தான் செலவு செய்ய முடியும். 500 ரூபாய் நோட்டைக் கிழித்து 60 ரூபாய் கொடுக்க முடியாது அல்லவா, அதுபோல. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மீதியைக் கொடுத்துவிடுவார். பிட்காயினில் கல்லாவில் யாரும் இல்லை. "மீதி எனக்கே" என்று அனுப்புகிறவர்தான் பரிவர்த்தனையில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் மீதி அத்தனையும் கட்டணமாகிவிடும், பரிவர்த்தனைகளின் தொகுப்பான அந்த பிளாக்கை மைனிங் செய்து சங்கிலியில் (பொதுக் கணக்கேட்டில்) சேர்த்தவருக்குப் போய்விடும். திருப்பிக் கேட்க ஆள் இல்லை.

நம் இரண்டாம் பதிப்பில் அந்த வரியை லைப்ரரியே எழுதியது. மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டீர்கள். எடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. மீதி எப்போதும் பழைய முகவரிக்கே திரும்பி வந்தால், யாருடைய பணம் எங்கே போகிறது என்று யார் வேண்டுமானாலும் கோத்துப் பார்த்துவிடலாம். மீதிக்கான முகவரியை அனுப்புகிறவரே தரட்டும் என்றீர்கள், நானும் சரி என்றேன். ஆனால் "முதல் பரிவர்த்தனை" என்ற பக்கத்தில் இருந்த உதாரணம் பழையதாகவே நின்றது. நான் திருத்தி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் பதினொரு மாதம் கிடந்தது. கேட்டபோது, "டாக்ஸ்தானே, அடுத்த ரிலீஸில் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. (கட்டணம் அளவுக்கு மீறினால் லைப்ரரியே தடுத்து நிறுத்த வேண்டும் என்பது வேறு விஷயம். அதற்குத் தனியாக ஒரு இஷ்யூ திறந்திருக்கிறேன்.)

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் பையன் கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. முதலில் டெஸ்ட்நெட்டில், அதாவது மதிப்பில்லாத காசை வைத்துப் பழகும் சோதனை வலையமைப்பில்தான் முயன்றிருக்கிறான். டெஸ்ட்நெட் காசு இலவசமாகத் தரும் தளம் என்று நம் பக்கம் ஒரு இணைப்பைக் கொடுத்திருந்தது. அந்தத் தளம் எப்போதோ மூடிவிட்டது. இரண்டு நாள் தேடிவிட்டு, கொஞ்சம் நிஜக் காசு வாங்கிப் பழகலாம் என்று போயிருக்கிறான். செத்துப்போன ஒரு இணைப்பு, அப்புறம் பழைய ஒரு உதாரணம். இரண்டும் சேர்ந்துதான் அவன் காசைக் கொண்டுபோயின. இரண்டும் நம் பக்கத்தில் இருந்தவை.

இந்த விஷயத்தை நான் பார்க்கும் விதம் என் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பத்திரம் எழுதுகிறவர். முப்பது வருடம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். பள்ளி விட்டு வந்து அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப் பாடம் எழுதுவேன். அவர் எழுதும் எந்தப் பத்திரத்திலும் "பழைய சர்வே எண் இன்னது, புதிய சர்வே எண் இன்னது" என்று இரண்டும் இருக்கும். ஒன்றை மட்டும் எழுத மாட்டார். மாவட்டத்தின் பெயரும் அப்படித்தான். எங்கள் வடஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போயின. தாய்ப் பத்திரத்தில் வடஆற்காடு என்று இருக்கும், நிலம் இன்றைக்கு வேறு மாவட்டத்தில் இருக்கும். படிக்கிறவர் கையில் எந்தக் காலத்துக் காகிதம் இருந்தாலும் அவர் இன்றைய நிலத்துக்கு வழி கண்டுபிடித்து வந்துவிட வேண்டும், அதற்காகத்தான் இரண்டையும் எழுதுவது என்பார்.

நம் லைப்ரரியில் இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு வருகிறவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. முன்பு தொகையை பிட்காயினில், புள்ளி வைத்துக் கொடுத்தோம். இப்போது சதோஷியில் முழு எண்ணாகக் கொடுக்க வேண்டும். பணப்பையை (ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் வாலட்டை) மீட்டெடுக்க 12 ரகசியச் சொற்கள் உண்டு. முன்பு அந்த 12 சொற்களிலிருந்து 44 என்று தொடங்கும் பாதையில் (முகவரிகளை உருவாக்கும் வழியில்) முகவரி பிறந்தது. இப்போது 84. அதே 12 சொற்கள்தான், ஆனால் முன்பு 1 என்று தொடங்கிய முகவரிக்குப் பதிலாக பிசி1 என்று தொடங்கும் வேறொரு முகவரி வருகிறது. பழைய பணப்பையைப் புதிய பதிப்பில் திறக்கிறவருக்கு இருப்பு பூஜ்யம் என்று காட்டும். பணம் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது அவருக்கு எப்படித் தெரியும்? "என் பணத்தைக் காணோம்" என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதி இதுதான்.

அப்பாவின் பத்திரங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "அடித்தல் திருத்தல் இல்லை" என்று எழுதுவார். இருந்தால், எந்த வரியில், எந்தச் சொல் என்று எழுதுவார். பதிவான பிறகு தப்பு தெரியவந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும், அதையும் பதிவு செய்ய வேண்டும். நிலம் கைமாறிவிட்டது, காகிதத்தை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. காகிதம் சரியாக இல்லாதவரை நிலமே சரியாகக் கைமாறவில்லை என்றுதான் அர்த்தம்.

"எச்சரிக்கை டாக்ஸில் இருக்கிறதே" என்று உங்களில் ஒருவர் போன கூட்டத்தில் சொன்னார். அவருக்கு 2023இல் லிப்பிட்காயின் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். அதில் புதிய பணப்பைக்கான ரகசிய எண்ணைத் தரும் கட்டளை ஒன்று இருந்தது. 3ஆம் பதிப்பு வரிசையில் அது கணினிக் கடிகாரத்திலிருந்து எடுத்த 32 பிட்டை வைத்தே எல்லாவற்றையும் உருவாக்கியது. 256 பிட் கேட்டாலும் உள்ளே இருந்தது 32தான். 32 பிட் என்றால் சுமார் 429 கோடி சாத்தியங்கள். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் வீட்டில் இருக்கும் ஒரு நல்ல கணினி சில நாட்களில் எல்லாவற்றையும் சோதித்துவிடும். அதைத்தான் யாரோ செய்தார்கள். அந்த ஜூலையில் பணப்பைகள் காலியாயின. ஆகஸ்டில் ஆய்வாளர்கள் விஷயத்தை வெளியிட்டபோது, திருட்டு 9 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்து அந்தக் கட்டளையை ஓட்டி, கிடைக்கும் எண்ணைச் சொற்களாக மாற்றினால் வரும் முதல் இரண்டு சொற்கள் "மில்க் சேட்". அந்தக் குறைபாட்டுக்கு இன்றும் அதுதான் பெயர்.

அந்தக் குழு சொன்ன பதிலைக் கவனியுங்கள். கட்டளைக்கான பக்கத்தில் எச்சரிக்கை எழுதியிருக்கிறோம் என்றார்கள். எழுதியிருந்தது உண்மை. ஆனால் அதே கட்டளையை வைத்துப் பணப்பை உருவாக்கிக் காட்டும் உதாரணங்களும் அவர்களுடைய டாக்ஸில் இருந்தன. மக்கள் உதாரணத்தைத்தான் காப்பி செய்கிறார்கள். எச்சரிக்கை ஒரு பக்கத்திலும் உதாரணம் இன்னொரு பக்கத்திலும் இருந்தால் உதாரணம்தான் ஜெயிக்கும். அதனால், எச்சரிக்கையை நிரலுக்குள்ளேயே, ஆபத்தான வரிக்கு மேலேயே கமெண்ட்டாக எழுத வேண்டும். காப்பி செய்கிறவரோடு அதுவும் சேர்ந்து போகும்.

இனி தமிழ் டாக்ஸ் பற்றி. இது எனக்கு வலித்த விஷயம். நான் மொழிபெயர்த்த பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "12 சொற்களையும் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள்." மூலத்தில் இல்லாத வரி என்று சொல்லி அதை எடுத்துவிட்டீர்கள். மூலத்தில் இருக்காது, உண்மைதான். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை. இங்கே தேவைப்படுகிறது. தமிழ்வழியில் படித்த ஒரு பெண் தன் நோட்டில் 12 சொற்களையும் தமிழ் எழுத்தில் அழகாக எழுதி வைத்திருந்தாள். அதில் ஒரு சொல் "கோட்". அந்த 12 சொற்களும் எடுக்கப்படும் பிப்39 என்ற பொதுப் பட்டியலில் இருக்கும் 2,048 சொற்களில் ஆட்டுக்கான ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது, நிரலுக்கான ஆங்கிலச் சொல்லும் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டுமே கோட். மின்விளக்குக்கான சொல்லும் பழக்கூழுக்கான சொல்லும் அப்படித்தான், இரண்டுமே பல்ப். அவளுடைய நோட்டில் அதுவும் இருந்தது. நான்கு விதமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கடைசியில் பணப்பையைத் திறந்தோம். நான்கோடு போயிற்று, நல்ல காலம். அந்தப் பட்டியலுக்கு ஜப்பானிய மொழியில், கொரிய மொழியில், செக் மொழியில்கூட வடிவம் இருக்கிறது. தமிழில் கிடையாது. அது வரும் வரைக்கும் அந்த ஒரு வரி பக்கத்தில் இருக்கட்டும்.

நீங்கள் மட்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. 2017இல் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் எடுத்த ஓப்பன் சோர்ஸ் (திறந்த மூல நிரல்) கணக்கெடுப்பில் 93 சதவீதம் பேர் முழுமையில்லாத, காலாவதியான டாக்ஸ்தான் பெரிய தொல்லை என்றார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர் டாக்ஸுக்கு அபூர்வமாகவோ எப்போதுமே இல்லாமலோதான் எழுதுகிறோம் என்றார்கள். உங்களுக்கும் சம்பளம் இல்லை, எனக்கும் இல்லை. அலுவலக வேலை முடித்துவிட்டு இரவில்தான் எல்லோரும் உட்காருகிறோம். அது தெரிந்துதான் கேட்கிறேன். நீங்கள் மாற்றுகிற அன்றைக்கே பத்து நிமிடத்தில் எழுதிவிடக்கூடிய வரியை, ஆறு மாதம் கழித்து நான் நிரலைத் தோண்டி இரண்டு இரவு செலவழித்து எழுதுகிறேன். அதற்குள் யாராவது ஒருவர் காசை இழந்துவிடுகிறார்.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை என்று காட்டுவதற்காக வேலையைத் தொடங்கிவிட்டேன். நம் டாக்ஸில் இருக்கும் உதாரணங்கள் 41. அத்தனையையும் தனிக் கோப்புகளாகப் பிரித்து, ரெக்டெஸ்ட்டில் தானாக ஓடும்படி செய்திருக்கிறேன். ரெக்டெஸ்ட் என்றால் நம் கணினிக்குள்ளேயே ஓடும் தனிச் சங்கிலி, வெளியுலகத் தொடர்பே தேவையில்லை. 101 பிளாக்குகளை உருவாக்கினால் முதல் பிளாக்கின் 50 பிட்காயின் செலவுக்குத் தயாராகிவிடும். எல்லாம் விளையாட்டுக் காசு. இலவசக் காசு தரும் தளத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. செத்துப்போன அந்த இணைப்பு இருந்த இடத்தில் இந்த வழியை எழுதியிருக்கிறேன். குடியாத்தத்துப் பையன் தன் லேப்டாப்பில் அதைப் படித்து, என்னிடம் எதுவும் கேட்காமலே ஓட்டிப் பார்த்துவிட்டான். மீதியை எழுதாமல் விட்டு ஒருமுறை, எழுதி ஒருமுறை அனுப்பிப் பார்த்தேன் என்று போனில் சொன்னான்.

41இல் 34 ஓடுகின்றன. ஏழு ஓடவில்லை. அந்த ஏழில் மூன்று, பலர் சேர்ந்து கையொப்பமிடும் பணப்பை பற்றியவை. அவற்றை எழுதியவர் உங்களில் ஒருவர், மூன்றாம் பதிப்பில் அங்கே என்ன மாறியது என்று எனக்கு நிரலைப் பார்த்தும் விளங்கவில்லை. அவர் ஒரு மணி நேரம் என்னோடு உட்கார்ந்தால் போதும். சென்னையில் என்றால் வரும் ஞாயிறு காலை ரயிலில் நான் வந்துவிடுகிறேன். மற்ற நான்கையும் நானே சரிசெய்துவிடுவேன். அதுவரை அந்த ஏழு பக்கங்களின் மேலும் "இந்த உதாரணம் மூன்றாம் பதிப்பில் ஓடாது" என்று ஒரு வரி போட வேண்டும். அந்தப் புல் ரிக்வெஸ்ட் நேற்று இரவு அனுப்பியிருக்கிறேன். ஏழு வரிகள்தான். இன்றைக்கே மெர்ஜ் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டாக்ஸ் பராமரிப்பாளர்
காட்பாடி, வேலூர் மாவட்டம்
(பழைய வடஆற்காடு)