சாம் தமிழில் எப்படிப் பேசுவான்?

அன்புள்ள மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஃபேண்டஸி நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவரும் வேலையில் இருப்பவர்கள், இறங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஆனால் நான் பேசப்போவது ஒரே ஒரு நாவலைப் பற்றி: ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதி 1954, 1955-ல் மூன்று பாகங்களாக வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. தலைப்பில் இருக்கும் சாம் அதில் வரும் ஒரு தோட்டக்காரன்.

பத்தொன்பது வயதில் கல்லூரி நூலகத்தில் அதைப் படித்தேன். வரைபடப் பக்கம் பாதி கிழிந்துபோன பிரதி. பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். கதை முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைசியில் நூறு பக்கத்துக்கு மேல் பின்னிணைப்பு இருந்தது. அதைப் புரட்டக்கூட இல்லை. பல வருடம் கழித்து அதைப் படித்தபோதுதான் நாவலையே அப்போது பாதிதான் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் காட்டிய ஒரு மாதிரி அத்தியாயம். வேறொரு ஆங்கில ஃபேண்டஸி நாவலின் தமிழாக்கம். அதில் மாடு மேய்க்கும் பையன் பக்கத்து வீட்டுக் கிழவியிடம் "தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்கிறான். ராஜாவும் அப்படித்தான் பேசுகிறார், குதிரைக்காரனும் அப்படித்தான் பேசுகிறான். வாள், கோட்டை, குதிரை என்று வந்துவிட்டால் உடனே சரித்திரத் தொடர்கதை நடைக்குப் போய்விட வேண்டும் என்று ஒரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. டோல்கீனுக்கும் அதுவே நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நாவலின் பின்னிணைப்புகளில் ஆறாவதில் டோல்கீன் ஒரு காரியம் செய்கிறார். இந்தக் கதையை நான் எழுதவில்லை, பழைய ஏடு ஒன்றிலிருந்து மொழிபெயர்த்தேன் என்கிறார். அந்த ஏட்டின் மொழி ஆங்கிலம் இல்லையாம். படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அந்தப் பொதுமொழியை ஆங்கிலமாக்கினாராம். 'சாம்' என்று நாம் அறிந்தவனின் உண்மைப் பெயர் பனசீர். 'அரைகுறை அறிவுள்ளவன்' என்று அதற்குப் பொருள். பழைய ஆங்கிலத்தில் அதே பொருள் தரும் சொல்லை எடுத்து 'சாம்வைஸ்' என்று பெயர் வைத்தார். அதாவது மூல நூலே ஒரு மொழிபெயர்ப்பாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. எப்படி மொழிபெயர்த்தேன் என்ற கணக்கையும் ஆசிரியரே ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படி ஒரு வசதி வேறு எந்த நாவலுக்கு இருக்கிறது?

அந்தக் கணக்கில் மிக அழகான வரவு ரோஹன் நாடு. குதிரை வீரர்களின் நாடு. அவர்கள் பேசுவது பொதுமொழிக்கு உறவான, ஆனால் அதைவிடப் பழமையான ஒரு மொழி. ஆகவே பொதுமொழி இன்றைய ஆங்கிலம் என்றால், ரோஹன் பேச்சு ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலம் என்று வைத்துக்கொண்டார். அங்கே அரசனின் பெயர் தியோடன். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே 'தலைவன், அரசன்' என்றுதான் பொருள். 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவருக்கு இதெல்லாம் அலங்காரம் இல்லை, அன்றாட வேலை. கதை நடக்கும் உலகுக்கு வைத்த 'மிடில் எர்த்' என்ற பெயரே மனிதர் வாழும் உலகைக் குறித்த 'மிடன்யார்ட்' என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. குள்ளர்களின் பெயர்களையும், ஏன், மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரையுமே ஐஸ்லாந்தின் பழம்பாடல் ஒன்றில் வரும் பட்டியலிலிருந்துதான் எடுத்தார். எல்ஃபுகள் என்ற சாகாத இனத்தாரின் ஒரு மொழிக்கு ஃபின்னிஷ் ஓசை, இன்னொன்றுக்கு வெல்ஷ் ஓசை. இந்த நாவலுக்கு வரலாற்று மூலம் எது என்று தேடுகிறவர்கள் போர்களையும் அரச வம்சங்களையும் தேடுகிறார்கள். வரலாறு அதன் சொற்களில் இருக்கிறது.

ரோஹனின் தலைநகரான எடோராஸை நோக்கிக் குதிரையில் போகும்போது, கதைநாயகர்களில் ஒருவனான அரகார்ன் ஒரு பாட்டுச் சொல்கிறான். குதிரை எங்கே, அதில் ஏறி வந்தவன் எங்கே என்று தொடங்கும் பாட்டு. எக்ஸெட்டர் ஏட்டில் இருக்கும் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றிலிருந்து அப்படியே எழுந்து வந்த குரல் அது. தமிழில் இந்த இடத்துக்கு வரும்போது நமக்கு என்ன குறை? "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்" என்று பாரியின் பெண்கள் பாடிய குரல் நம் காதிலேயே இருக்கிறதே. ரோஹன்காரர்களின் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். அவர்கள் பாடும்போதும் சூள் உரைக்கும்போதும் மட்டும் சங்கத் தமிழின் சுருக்கமும் இறுக்கமும் வரட்டும். புரவி, வேந்து, நெடுநகர் என்று சொற்கள் அங்கே மட்டும் பழசாகட்டும். எல்லாப் பாத்திரங்களையும் பழந்தமிழ் பேசவைத்துவிட்டால், ரோஹன் வரும்போது கொடுக்க நம் கையில் எதுவும் மிஞ்சாது.

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்: நீ, நீங்கள்.

அதே பின்னிணைப்பில் டோல்கீன் சொல்கிறார்: பொதுமொழியில் 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டு வகையும் உண்டு. ஆனால் ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்களின் நாடான ஷையரில் மரியாதை வடிவம் பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது. சில கிராமத்தார் மட்டும் அதைச் செல்லமாகப் பேச வைத்துக்கொண்டார்கள். ஆகவே பிப்பின் என்ற இளம் ஹாபிட் கோண்டோர் நாட்டுக்குப் போனபோது, அந்த நாட்டையே ஆண்டுகொண்டிருந்த டெனதோரைப் பார்த்தும் 'நீ' என்றே பேசினான். கிழவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும், பணியாளர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும் என்கிறார் டோல்கீன். இவன் ஏதோ ஒரு தேசத்து இளவரசனாக இருக்க வேண்டும் என்று நகரில் பேச்சு பரவியது. இன்றைய ஆங்கிலத்தில் இந்தக் காட்சியைக் காட்ட வழியே இல்லை. ஒரே 'யூ'தான். அதனால்தான் பாவம், பின்னிணைப்பில் குறிப்பாக எழுதினார். தமிழால் இதை நாவலுக்குள்ளேயே செய்ய முடியும்! சபை நடுவே ஒரு சின்னப் பையன் வாய் திறந்து "நீ என்ன சொல்றே?" என்கிறான், காவலர்கள் திகைத்துப் பார்க்கிறார்கள். மூல நூலில் ஆசிரியர் செய்ய ஆசைப்பட்டு முடியாமல் போன ஒன்றை நம் மொழி செய்யும். இதைக் கைவிட்டு எல்லோரையும் 'தாங்கள்' என்று அழைக்கவைத்தால் அந்த நஷ்டத்தை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

சாம் தன் முதலாளி ஃப்ரோடோவை எப்படி அழைப்பான் என்பது இன்னும் கடினமான கேள்வி. நான் பல நாள் யோசித்திருக்கிறேன். 'நீங்கள்' என்றால் தூரம் வந்துவிடுகிறது. வெறும் 'நீ' என்றால் தோட்டக்காரன் என்பது மறந்துபோகிறது. எங்கள் பக்கத்து ஊர்களில் வயசான வேலைக்காரர் தான் தூக்கி வளர்த்த முதலாளி மகனிடம் "ஐயா, நீ ரெண்டு வாய் சாப்பிடுய்யா" என்பார். 'ஐயா'வும் 'நீ'யும் ஒரே மூச்சில் வரும். ஃப்ரோடோ சாமைவிட மூத்தவன்தான், அந்த வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் சாமின் குரல் அதற்கு அருகில்தான் எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போரில், 1916-ல் பிரான்சில் நடந்தது சொம் போர். டோல்கீன் அங்கே சமிக்ஞை அதிகாரியாக இருந்த இளம் லெஃப்டினன்ட். ஜூலை 1-ஆம் தேதி, முதல் நாளிலேயே பிரிட்டிஷ் தரப்பில் 19,000 பேருக்கு மேல் செத்தார்கள். பள்ளிக்கால நண்பன் ராப் கில்சன் அன்று போனான். இன்னொரு நண்பன் ஜெஃப்ரி ஸ்மித் டிசம்பரில் குண்டுக் காயத்தால் இறந்தான். நான் இல்லாமல் போனாலும் நான் சொல்ல நினைத்ததை நீ சொல்ல வேண்டும் என்று அவன் டோல்கீனுக்குக் கடிதம் எழுதியிருந்தான். டோல்கீன் பதுங்குகுழிக் காய்ச்சலோடு ஊர் திரும்பினார். நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் 1918-க்குள் இறந்துவிட்டார்கள் என்று பிற்பாடு நாவலின் முன்னுரையில் எழுதினார். சதுப்பு நிலத்தில் தண்ணீருக்கு அடியில் செத்தவர்களின் முகங்கள் தெரியும் அத்தியாயம் இருக்கிறதே, அது போருக்குப் பின் வடக்கு பிரான்ஸ் இருந்த நிலைக்கு ஓரளவு கடன்பட்டது என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். சாம் யார் தெரியுமா? அந்தப் போரில் தான் பழகிய சாதாரணச் சிப்பாய்கள், அதிகாரிகளுக்கு ஏவல் பார்த்த ஆட்கள். அவர்கள் தன்னைவிட எவ்வளவோ உயர்ந்தவர்கள் என்று டோல்கீன் சொன்னார். அப்படிப்பட்ட ஒருவன் வாயில் அரண்மனைத் தமிழைத் திணிக்காதீர்கள்.

பெயர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1956-ல் டச்சு மொழிபெயர்ப்பில் பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றுவது தெரிந்து டோல்கீன் பதிப்பாளருக்குக் கோபமாக எழுதினார். அடுத்து வந்த ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பு இன்னும் நோகடித்தது. பிறகு மொழிபெயர்ப்பாளர்களுக்கென்றே ஒரு பெயர்க் குறிப்பேடு தயாரித்தார். 1975-ல், அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து, அது அச்சானது. எதைப் பொருளோடு பெயர்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஃப்ரோடோவின் பேகின்ஸ் என்ற குடும்பப் பெயரில் 'பை' ஒலிக்க வேண்டும் என்கிறார். அவர்கள் வீட்டின் பெயரான பேக் எண்ட், வூஸ்டர்ஷையரில் அவருடைய சித்தி இருந்த பண்ணையின் பெயர். அதற்கு மேல் வழியில்லாத சந்தின் கடைசியில் இருந்த வீடு. நமக்கு முட்டுச்சந்து இருக்கிறது, முடுக்கு இருக்கிறது. 'பைமுடுக்கு' என்று நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது உங்களுக்குக் கிடைக்கும்.

எல்ஃபைத் 'தேவதை' ஆக்கிவிடாதீர்கள். ஜெர்மனில் 'எல்ஃபெ' என்றால் சிறகு முளைத்த குட்டி உருவம் நினைவுக்கு வருகிறது என்று அதைத் தவிர்க்கச் சொன்னார். அதனால் அங்கே 'எல்பென்' வந்தது. குள்ளர்களுக்குக் 'குறளர்' என்ற பழைய சொல் இருக்கிறது. கேலி ஒட்டாத சொல்.

இந்த நாவலுக்குப் பிறகு வந்ததெல்லாம் உங்கள் மேசைக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும், அதுதான் சிக்கல். 1960-களில் அமெரிக்கக் கல்லூரிகளில் மலிவுப் பதிப்பாகப் பரவியது. 1974-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டு ஹாபிட்டையும் என்ட் என்ற மர மனிதனையும் பெயரோடு எடுத்துக்கொண்டது, பிறகு உரிமைப் பிரச்சினையில் பெயரை மாற்றியது. 2003-ல் இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவில் கிடைத்த குட்டை மனிதரின் எலும்புக்கு விஞ்ஞானிகளே 'ஹாபிட்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2004-ல் இந்த நாவலை வைத்து எடுத்த மூன்று படங்களில் மூன்றாவது 11 ஆஸ்கர் வாங்கியது. நம் பிள்ளைகள் கோடரி வைத்த குள்ளனையும் கூர்க்காது எல்ஃபையும் வீடியோ கேமில் பார்த்துத்தான் வளர்கிறார்கள். அவை நகலின் நகல். நீங்கள் அவற்றைத் தாண்டி மூலத்துக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1938-ல் டோல்கீனின் முந்தைய நாவலான 'தி ஹாபிட்'டை வெளியிட விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் ஒன்று, நீங்கள் ஆரிய வம்சமா என்று கேட்டது. யூதர்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்றால், அந்தத் திறமை மிக்க மக்களில் எனக்கு முன்னோர் யாரும் இல்லாததற்கு வருந்துகிறேன் என்று அவர் எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. தான் உயிராய் நேசித்த வடதேசத்தின் உன்னத உணர்வை ஹிட்லர் கெடுத்துவிட்டான் என்று மகனுக்கும் எழுதினார். ஆகவே வீரப் பரம்பரை, ரத்தம், குலப்பெருமை என்று மூலத்தில் இல்லாத இடத்தில் நம் கை தானாக எழுதும் சொற்களை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாக, கடைசி வரி. எல்லாம் முடிந்து, ஃப்ரோடோவைக் கப்பலேற்றிவிட்டு, சாம் வீட்டுக்கு வருகிறான். விளக்கு எரிகிறது, சாப்பாடு தயாராக இருக்கிறது. மனைவி ரோஸி அவனை நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை மடியில் வைக்கிறாள். அவன் நீண்ட மூச்சு விட்டு ஒரு வார்த்தை சொல்கிறான். "நான் திரும்பிவிட்டேன்" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நம் வீடுகளில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டுவதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வோம். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவன் இவன்.

"சரி, வந்துட்டேன்" என்றான் சாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்