வளைவில் 50 மி.மீ. போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகையில் எச்.ஓ. அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு, 1:87) இரட்டைப் பாதை கொண்ட மாதிரி ரயில் அமைப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். விடுமுறையில் பிள்ளைகளை இந்தப் பொழுதுபோக்கின் பக்கம் திருப்பும் முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால், இரு பாதைகளின் மையங்களுக்கிடையே பலகை முழுவதும் 50 மி.மீ. விட்டால் போதும் என்ற யோசனையை அப்படியே பின்பற்றினால், எதிரெதிரே வரும் ரயில்கள் வளைவில் உரசிக்கொள்ளும்.

அந்த 50 எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. நம் அகலப் பாதையில் பழைய இரட்டை வழித்தடங்களுக்கான குறைந்தபட்ச மைய இடைவெளி 4,265 மி.மீ.; அதை 87ஆல் வகுத்தால் 49 வரும். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் (ஐ.சி.எஃப்.) பெட்டி அகலமான 3,245 மி.மீ., மாதிரியில் சுமார் 37 மி.மீ. ஆகிவிடுவதால், நேர்ப்பாதையில் இரு ரயில்களுக்கும் நடுவே 12 மி.மீ.க்கு மேல் மிஞ்சும். வளைவில்தான் வம்பு. அகலப் பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதே வளைவு மாதிரியில் 2 மீட்டர் ஆரம் கேட்கும், நான்கடிப் பலகையில் அதற்கு இடமேது? கடையில் கிடைக்கும் 438 மி.மீ. ஆர வளைவுத் துண்டோ அசலில் வெறும் 38 மீட்டருக்குச் சமம். அத்தனை கூர்மையான வளைவில், 245 மி.மீ. நீளமும் போகிகளின் (பெட்டியைத் தாங்கும் இரு சக்கரத் தொகுதிகளின்) மையங்களுக்கிடையே 170 மி.மீ. தூரமும் கொண்ட பெட்டியின் நடுப்பகுதி சுமார் 8 மி.மீ. உட்பக்கமாகவும், முனைகள் சுமார் 9 மி.மீ. வெளிப்பக்கமாகவும் பாதையின் மையக்கோட்டை விட்டுத் தள்ளி நிற்கும். உள்பாதைப் பெட்டியின் முனையும் வெளிப்பாதைப் பெட்டியின் நடுவும் நேருக்கு நேர் வரும் இடத்தில், உரசாமல் இருப்பதற்கே 53 மி.மீ.க்கு மேல் வேண்டும்.

மாதிரி ரயில் நிறுவனமான ஹார்ன்பியின் வளைவுத் துண்டுகள் 438, 505 மி.மீ. ஆரங்களில், 67 மி.மீ. வித்தியாசத்தில் வருவதால் அவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. நேர்ப்பாதையிலும் அதே 67ஐ விட்டால் பார்வைக்கு அகலமாகத் தெரியும் என்பது உண்மையே. நேர்ப்பகுதியில் 50 வைத்து, வளைவு தொடங்குமுன் நெகிழ்தண்டவாளத்தால் (விருப்பப்படி வளைக்கக்கூடிய தண்டவாளம்) இடைவெளியை மெல்ல அகலப்படுத்திக்கொள்வதே என் விருப்பம். இடைவெளி தாராளமாக இருக்கட்டும் என்று 572 மி.மீ. ஆரத்துக்குப் போகிறவர்கள், பெட்டியின் முனைக்கும் பலகை விளிம்புக்கும் 12 மி.மீ.தான் எஞ்சும் என்பதை அறிந்து, ஓரத்தில் அக்ரிலிக் தடுப்பு வைப்பது நல்லது. நடைமேடையின் விளிம்பு அசலில் பாதை மையத்திலிருந்து 1,670 மி.மீ., மாதிரியில் 19 மி.மீ.; பெட்டியின் பாதி அகலமே 18.6 என்பதால், நடைமேடையை நேர்ப்பாதையில் மட்டும் அமைப்பதே உசிதம். கட்டுரையில் சொன்ன மேம்பாதையோ இந்தப் பலகைக்குப் பேராசைதான்: மின்கம்பியின் உயரத்தையும் பாலத்தின் தடிமனையும் சேர்த்து 75 மி.மீ. ஏற வேண்டுமென்றால், 40க்கு 1 சரிவில்கூட 3 மீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

கணக்குப் பிடிக்காத பிள்ளைகளுக்கும் ஒரு வழி உண்டு. 245க்கு 37 மி.மீ. அளவில் அட்டை வெட்டி, நடுக்கோட்டில் 170 மி.மீ. இடைவெளியில் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அவ்விரண்டும் பாதையின் மையக்கோட்டை விட்டு விலகாதபடி நகர்த்திக்கொண்டே, அட்டையின் உட்பக்க நடுவிலும் வெளிமுனையிலும் பென்சிலால் குறித்து வந்தால், பெட்டி உண்மையில் அடைக்கும் இடம் பலகையிலேயே வரைபடமாகிவிடும். பாயிண்டில், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஃபவுலிங் மார்க் (அடுத்த பாதை ரயிலில் இடிக்காதபடி பெட்டி நிற்க வேண்டிய எல்லைக்குறி) எங்கே வர வேண்டும் என்பதும் அதிலேயே தெரியும். தண்டவாளத்தில் ஆணி அடிக்குமுன் இதைச் செய்யச் சொல்லி, அடுத்த பகுதியில் ஒரு படத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சென்னை