பூட்டுப் போட்ட ஒரு அறை கேட்கிறோம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வருகிறேன். ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில், ஒரு வகுப்பறையை, ஒரு மாதத்துக்கு ஒதுக்கித் தாருங்கள். நம்மூர் நடுகல் கதைகளையும் தெருக்கூத்தையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே பொம்மை செய்து ஸ்டாப் மோஷன் படமாக எடுக்கட்டும், கூட இருந்து சொல்லித்தர நானும் நண்பர்களும் வருகிறோம்.

எதற்கு ஒரு மாதம் முழுக்க ஒரு அறை என்று கேட்பீர்கள். இந்த வேலையே அப்படித்தான். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. ஒரு நொடிக்கு 12 போட்டோ என்றாலும் ஒரு நிமிடப் படத்துக்கு 720 வேண்டும், அதனால் பழகிய கைக்கே ஒரு நாளில் சில நொடிகள்தான் தேறும். நடுவில் யாராவது மேசையை இடித்துவிட்டாலோ, பெருக்க வந்தவர் பொம்மையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டாலோ அந்தக் காட்சி அதோடு போச்சு. ஜன்னல் வெயிலும் ஆகாது, வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறி திரையில் மினுக் மினுக்கென்று தெரியும், எனவே ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டி ஒரே விளக்கில்தான் எடுக்க வேண்டும். போன், ஸ்டாண்டு, விளக்கு, அலுமினியக் கம்பி, எண்ணெய்க் களிமண் எல்லாம் எங்கள் பொறுப்பு. எடிட்டிங்கிற்கு உங்கள் ஹைடெக் லேப் கம்ப்யூட்டர் தாராளம்.

கதைக்கு நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. வரப்போரத்தில், ஏரிக்கரையில், வேடியப்பன் என்று மஞ்சள் பூசிக் கும்பிடும் கல்லில் பல நடுகற்கள்தான். மாடு மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் நிற்கிறான். நம் பக்கத்து மாவட்டத்தில், செங்கத்தை அடுத்த எடத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை! ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே அந்த நாயைச் செய்ய உட்கார்ந்துவிடும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா அந்த ஒரு கதையையே எத்தனை காலத்துக்கு மேடையேற்றுவது?

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்துவிடுகிறதே, கையால் எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுகல் வீரனை மண்ணில் பிடிக்க வேண்டுமென்றால் பிள்ளை முதலில் கல்லைப் பார்த்தாக வேண்டும். கொண்டை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, வில் எந்தக் கையில், குறுவாள் எந்தக் கையில், உடம்பில் அம்பு எங்கே தைத்திருக்கிறது, காலடியில் இருக்கும் கெண்டி, அதாவது மூக்கு வைத்த சின்னச் செம்பு, என்ன அளவு என்று கிட்டே போய்ப் பார்க்காமல் பொம்மை வராது. தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிச் சுற்றுலா வரும் பிள்ளைகள் நடுகற்களைக் கடந்து போகும் வேகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே பிள்ளைகள் கையில் மண்ணோடு வந்தால் ஒரு கல் முன்னாலேயே அரைநாள் நிற்பார்கள். அப்படி நின்று பார்த்த பிள்ளை, நாளைக்கு ரோடு அகலப்படுத்தும்போது ஊர்க் கல்லை ஜேசிபி புரட்டினால் சும்மா போகாது என்று நம்புகிறேன்.

கூத்தும் அப்படித்தான். பாரதக் கூத்தின் கடைசி நாளில், துரியோதனன் விழும் படுகளக் காட்சிக்கு மண்ணைக் குழைத்துத் துரியோதனனை எவ்வளவு பெரிதாகப் படுக்க வைக்கிறோம்! மண்ணில் உருவம் பிடிப்பது நமக்குப் புதிது கிடையாது, இங்கே அதைச் சாண் அளவுக்குச் சின்னதாக்குகிறோம். கல்யாணமுருங்கைக் கட்டையில் செய்து கண்ணாடி பதித்த கிரீடமும், தோளில் கட்டும் புஜகீர்த்தியும் பொம்மைக்கு அட்டையிலும் சம்கியிலும் வரும். கடினமானது திரைதான். வேஷக்காரர் வரும்போது இரண்டு பேர் பிடித்து நிற்பார்களே, அந்தத் துணி. பொம்மை அளவில் அது தானாக அலை பாயாது. ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்துத் தடவிக் காயவைத்து, ஓரத்தை மடித்து உள்ளே மெல்லிய கம்பி கோத்துவிட்டால் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் நகர்த்தலாம், வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குக் கை பரபரக்கிறது.

குரல் கொடுக்கவும், எந்த இடத்தில் எந்த அடவு, எப்போது கிறுகி, அதாவது சுழன்று, வர வேண்டும் என்று காட்டவும் கூத்து வாத்தியார்களை அழையுங்கள். தயவுசெய்து ஒரு பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள், ஒரு ராத்திரிக் கூத்துக்கு அவர்கள் என்ன வாங்குகிறார்களோ அதைக் கொடுங்கள். நான் காசு கேட்பது இந்த ஒன்றுக்குத்தான்.

தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் நிறைய. வசனமே இல்லாமல் மத்தளமும், கூத்தில் ஊதும் குழலான முகவீணையும் மட்டும் வைத்து அங்கே படம் எடுக்கலாம், பாட்டி சொன்ன கதையை எந்த மொழியில் கேட்டிருந்தாலும் பொம்மையில் சொல்லிவிடலாம்.

சின்ன மாவட்டம், நம்மால் என்ன முடியும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எஸ்தோனியா நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 13 லட்சம்தான். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டம் மட்டுமே 15 லட்சம். அந்த நாட்டில் நுக்குஃபில்ம் என்ற பொம்மைப் பட ஸ்டுடியோ 1957இல் தொடங்கி இன்றைக்கும் நடக்கிறது.

பள்ளிகளில் சிறார் படங்கள் போட்டுக் காட்டுகிறீர்கள், நல்ல காரியம். அதே திரையில் நம் பிள்ளைகள் எடுத்ததும் ஓட வேண்டும். முதலில் பென்னாகரத்தில் ஒன்று, ஊத்தங்கரையில் ஒன்று என்று இரண்டே பள்ளிகளில் தொடங்கினாலும் சரி. எந்த அறை, சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள், மறுநாளே வந்து ஜன்னலுக்குக் காகிதம் ஒட்ட ஆரம்பித்துவிடுகிறோம்.