ஏடு கரையேறிய ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் எல்லாம் இருந்தன. சரிதான், அவற்றைப் பார்க்காமல் யாரும் ஊர் திரும்பக் கூடாது. ஆனால் வைகையை ஒட்டி மேற்கே போகிற மேலக்கால் சாலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

அந்தச் சாலையில் மதுரையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கிறது திருவேடகம். ஏடு கரையேறிய இடம், அதனால் ஏடகம். 7ஆம் நூற்றாண்டில் பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறன் ஆண்டபோது திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்து சமணர்களோடு வாதம் செய்தார். ஏட்டைத் தீயில் இடும் அனல் வாதம் முடிந்து, ஆற்றில் விடும் புனல் வாதம். 'வாழ்க அந்தணர்' என்று தொடங்கும் பாசுரத்தை எழுதி வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து மேற்கே ஏறிப் போனதாகவும், அமைச்சர் குலச்சிறையார் குதிரையில் அதைத் தொடர்ந்து போனதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அந்த ஏடு நின்ற இடத்தில்தான் இன்று ஏடகநாதரும் ஏலவார்குழலி அம்மனும் இருக்கிறார்கள். ஆவணிப் பௌர்ணமியில் ஏடு எதிரேறிய விழா இன்றும் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் 30 வருஷம் இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆற்றங்கரையில் நின்று சொன்னால்தான் அது பிள்ளைகள் மனதில் நிற்கும்.

போன மார்கழியில் கோவையிலிருந்து வந்த என் தங்கை மகளையும் மருமகனையும் அங்கே கூட்டிப் போனேன். கோயிலில் நிம்மதியான தரிசனம். அப்புறம் ஆற்றைப் பார்க்கலாம் என்று இறங்கினால், கருவேல முள், பழைய துணி, பிளாஸ்டிக் பை. "பெரியம்மா, ஏடு வந்து நின்ற இடம் எது?" என்று அந்தப் பெண் கேட்டாள். கையைக் காட்டிச் சொல்ல நான் இருந்தேன். தனியாக வருகிறவர்களுக்கு யார் சொல்வது? நாங்கள் நின்ற இடத்தில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க ஒரு கல் திண்ணை இல்லை. பெண்கள் போய்வரக் கழிப்பறை இல்லாததால், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

இதே ஊரில் ஒரு கல்லூரியும் இருக்கிறது. சுவாமி சித்பவானந்தர் 1971இல் தொடங்கிய விவேகானந்த கல்லூரி. மாணவர்கள் விடுதியிலேயே தங்கிப் படிக்கும் குருகுல முறை. படிப்பதற்காக வந்து தங்குகிற பிள்ளைகள் வைகைக்கரையில் மூன்று வருஷம் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்களில் விருப்பமுள்ள பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

இன்னும் கொஞ்சம் போனால் எங்கள் சோழவந்தான். எங்கள் ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தித்தாளில் எல்லோரும் படித்திருப்பீர்கள். வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலுக்குள் போயிருக்கிறீர்களா? அகத்தியைப் பற்றிக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடி ஏறியிருக்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈர மண்ணும் பச்சை நிழலுமாகக் குளுகுளுவென்று இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கூட வந்த என் மருமகனுக்குக் கோயில்களைவிட இதுதான் பிடித்தது. வெற்றிலை கிள்ளுகிறவர்கள் பேசிக்கொண்டே, கை பார்க்காமல், கவுளி கவுளியாக, அதாவது கட்டுக் கட்டாக, அடுக்குவதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றுலா வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு கவுளி வாங்கிப் போனாலும் விவசாயிக்கு நேரடியாக நாலு காசு கிடைக்கும்.

தொல்காப்பியத்தின் முன்னுரையான பாயிரத்துக்கு விரிவான உரையாகப் பாயிர விருத்தி எழுதிய அரசஞ்சண்முகனாரும் எங்கள் ஊர்க்காரர்தான். சித்திரைப் பௌர்ணமிக்கு அழகர் மதுரையில் ஆற்றில் இறங்குவது உலகத்துக்கே தெரியும். இங்கே ஜெனகநாராயணப் பெருமாளும் அதே வைகையில் இறங்குகிறார். நெரிசல் இல்லாமல், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று சேவிக்கலாம். பக்கத்தில் இருக்கிற குருவித்துறைப் பெருமாள் கோயிலுக்குக் குருப்பெயர்ச்சி அன்று மட்டும் கூட்டம் அலைமோதும், மற்ற நாளில் பெருமாளும் ஆறும் நாமும்தான். விக்கிரமங்கலம் உண்டாங்கல் குன்றில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளும் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் வெட்டிய கல்வெட்டுகளும் இருக்கின்றன. வாதத்தில் தோற்றவர்கள் என்று நாம் கதையில் கேட்கிறவர்களின் முன்னோர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே தவம் செய்திருக்கிறார்கள். ஏடகத்தைப் பார்க்கிறவர்கள் அதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பெரிய ஹோட்டலோ படகுத்துறையோ நான் கேட்கவில்லை. திருவேடகம் ஆற்றங்கரையில் முள்ளை வெட்டிப் படித்துறையைச் சுத்தம் செய்து, ஏட்டின் கதையைத் தமிழில் எழுதி ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும். சுத்தமான கழிப்பறை வேண்டும். வார விடுமுறையில் பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து திருவேடகம், சோழவந்தான், குருவித்துறை மூன்றையும் ஒரே நாளில் காட்டித் திரும்புகிற மாதிரி ஒரு பேருந்து விட வேண்டும். சுற்றுலாத் துறைக்கு இது பெரிய செலவில்லை.

உங்கள் நிருபரை வருகிற ஆவணிப் பௌர்ணமிக்கு அனுப்பி வையுங்கள். மத்தியானச் சாப்பாடும் வெற்றிலையும் எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
சோழவந்தான்