ஜெப ஆலய நேரத்தாளைப் படிக்கும் முறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

யூதர்களின் ஜெப ஆலய வாழ்க்கையைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் சனிக்கிழமைதோறும் பூசாரி நடத்தும் வழிபாடு என்று ஓர் இடத்தில் வருகிறது. நேரங்கள் வாரத்துக்கு வாரம் மாறுவதை ஒழுங்கீனம் போல இன்னோர் இடம் சொல்கிறது. கடைசியில் கொடுத்திருக்கும் பண்டிகைத் தேதிகளில் ஒவ்வொன்றும் ஒரு மாலை தள்ளிப் போயிருக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அங்கே வாரத்தை நடத்துவது சூரியனும் பத்துப் பேரும். ரப்பி பூசாரி அல்ல. சட்டம் படித்தவர், போதிப்பவர். அவர் வராவிட்டாலும் தொழுகை நடக்கும், விவரம் தெரிந்த யாரும் முன்னின்று நடத்தலாம். பத்தாவது ஆள் வராவிட்டால்தான் சிக்கல்.

அந்தப் பத்துக்கு மின்யான் என்று பெயர். மரபுவழிச் சபைகளில் 13 வயது நிறைந்த ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். சீர்திருத்தச் சபைகளில் பெண்களையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஒன்பது பேர் இருந்தால் தனித்தனியாக ஜெபித்துக்கொள்ளலாம். மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருளை எடுத்து வாசிக்க முடியாது, பெற்றோரை இழந்தவர் 11 மாதம் சொல்லும் கத்திஷ் ஜெபத்தையும் சொல்ல முடியாது. வார நாள் காலையில் தொலைபேசியில் ஆள் தேடுவது இதனால்தான். வேலைக்குப் போகும் வழியில் வருகிறவர்களுக்கு நேரம் அளந்து வைத்தது. காலைத் தொழுகை முக்கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். திங்களும் வியாழனும் தோரா வாசிப்பு இருப்பதால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் கூடும். ஆக, வாசிப்பு சனிக்கிழமைக்கு மட்டும் உரியதல்ல. தொழுகையோ தினமும் மூன்று வேளை: காலை ஷகரித், பிற்பகல் மின்ஹா, இரவு மாரிவ். மின்ஹாவைச் சூரியன் மறையும் முன்பும் மாரிவை அதன் பின்பும் வைத்தால் ஒரே வருகையில் இரண்டும் முடியும். அதனால்தான் அந்த நேரம் வாரந்தோறும் சில நிமிடம் நகர்கிறது. ஒழுங்கீனம் என்று கட்டுரை சொன்னது இந்தக் கணக்கைத்தான்.

யூத நாள் மாலையில் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை நேரத்தாளின் முதல் வரி விளக்கேற்றும் நேரம். பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு, ஜெருசலேமில் 40 நிமிடம் முன்பு. அந்த மாலை தொடங்கும் ஓய்வு நாளான ஷபாத் முடிவது சனி இரவு மூன்று விண்மீன் தெரியும்போது. அதை நிமிடக் கணக்காக மாற்றுவதில் சபைக்குச் சபை வேறுபாடு உண்டு. சூரியன் மறைந்து 72 நிமிடம் வரை காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துத் தெருச் சபையின் தாளைப் பார்த்து இந்தச் சபைக்கு வருவது நல்ல யோசனை அல்ல.

இந்தக் கணக்கில் ஒரு மணி என்பது 60 நிமிடம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பகல் எவ்வளவு நீளமோ, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு மணி. காலை 5க்கு உதித்து இரவு 9க்கு மறையும் கோடைப் பகலில் அது 80 நிமிடம். ஷபாத்தை முன்கூட்டியே ஏற்க விரும்பும் சபை, சூரியன் மறைவதற்கு ஒன்றேகால் மணி முன்பிருந்து அதை ஏற்கலாம். அன்றைக்கு அது 100 நிமிடம், அதாவது இரவு 7.20. வடக்கு நாடுகளில் கோடையில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 9 மணி வரை சாப்பாட்டுக்குக் காத்திருக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. தாளில் வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நேரம் போட்டிருந்தால் அச்சுப் பிழை என்று எண்ணி ஒன்றை வெட்டிவிடக் கூடாது. முன்னது சீக்கிரம் ஏற்பவர்களுக்கு, பின்னது வழக்கமான நேரத்தில் ஏற்பவர்களுக்கு.

வெள்ளி மாலைத் தொழுகையில் ஆறு சங்கீதங்கள், பிறகு ஷபாத்தை மணமகளாக வரவேற்கும் பாட்டு. அதன் கடைசிக் கண்ணிக்கு எல்லோரும் வாசல் பக்கம் திரும்பி நிற்பார்கள். புதிதாக வருகிறவர் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்ப்பது வழக்கமான வேடிக்கை.

அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஷபாத்தில் தீ மூட்டக் கூடாது, மரபுவழிச் சபைகளில் மின்விசையைத் தொடவும் மாட்டார்கள். சனிக்கிழமை தொழுகைக்குப் பின் தரும் சிற்றுண்டியான கித்துஷுக்குச் சமைப்பதெல்லாம் வெள்ளியன்றே முடிய வேண்டும். சூடான பண்டம் மூடிய சூட்டுத் தட்டின் மேல் இரவு முழுக்க இருக்கும். தேநீருக்கு வெந்நீர்க் கலத்தை முன்பே கொதிக்க வைத்துவிட வேண்டும். குளிர்பெட்டி திறந்தால் எரியும் விளக்கின் விசையை ஒட்டுப்பட்டையால் அமுக்கி ஒட்டிவிட வேண்டும், மறந்தால் சனிக்கிழமை அதைத் திறக்கத் தயங்கி நிற்பார்கள். விளக்குகளுக்கு நேரக் கருவி வைப்பார்கள். அதிகம் தவறுவது அங்கேதான்: காலை 8க்குப் பதில் இரவு 8 என்று வைத்துவிடுவது, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் கடிகாரத்தை ஒரு மணி மாற்றும் நாடுகளில் அந்த வாரம் கருவியை மாற்றாமல் விடுவது. இருட்டில் தொழுகை நடத்தலாம், ஆனால் இருட்டில் சுருளை வாசிக்க முடியாது.

இன்னொரு வெள்ளிக்கிழமை வேலை எருவ். ஷபாத்தில் பொது வெளியில் எதையும் சுமந்து போகக் கூடாது. சாவி, ஜெப நூல், குழந்தை வண்டி எல்லாமே இதில் அடங்கும். குடியிருப்பைச் சுற்றிக் கம்பமும் கம்பியுமாக எல்லை கட்டிவிட்டால், சட்டப்படி உள்ளே சுமக்கலாம். கம்பி கம்பத்தின் தலைக்கு மேலே போக வேண்டும், பக்கவாட்டில் கட்டினால் செல்லாது. தெருவில் ஏற்கெனவே இருக்கும் கம்பிகள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் போகும், அதனால் அந்தக் கம்பிக்கு நேர் கீழே ஒரு பட்டையைத் தனியாகப் பொருத்துவார்கள். காற்றடித்த வாரத்தில் கம்பி அறுந்திருக்கும், அல்லது யாரோ மரம் வெட்டும்போது பட்டை பெயர்ந்திருக்கும். வாரந்தோறும் ஒருவர் முழுச் சுற்றையும் பார்த்து வர வேண்டும். 'இந்த வாரம் எருவ் இல்லை' என்ற ஒரு வரிச் செய்தி வந்தால், கைக்குழந்தை உள்ள வீடுகளில் ஒருவராவது அன்று வீட்டிலேயே இருக்க நேரிடும்.

சனிக்கிழமை காலையின் நடுநாயகம் தோரா வாசிப்பு. ஐந்து நூல்களை 54 பகுதிகளாகப் பிரித்து ஆண்டுக்குள் வாசித்து முடிக்கிறார்கள். ஷபாத்தில் வாசிப்பு மேசைக்கு ஏழு பேரை அழைப்பார்கள், வார நாளில் மூன்று பேர், பண்டிகையில் ஐந்து, பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூரில் ஆறு. முதல் அழைப்பு கோஹேனுக்கு, அடுத்தது லேவியருக்கு. பழைய குருமார் வழிவந்தவர்களுக்கு மிஞ்சியிருக்கும் மரியாதைகளில் இது ஒன்று. யாரை எப்போது அழைப்பது, யாருக்கு இந்த வாரம் தந்தையின் நினைவு நாள் என்பதையெல்லாம் தலையில் வைத்திருப்பவர் கபாய். சபையில் மனஸ்தாபம் வந்தால் பாதி இந்தப் பட்டியலில்தான் பிறக்கும்.

சுருளில் உயிர்க்குறி கிடையாது, இசைக்குறி கிடையாது, நிறுத்தற்குறியும் கிடையாது. வாசிப்பவர் எல்லாவற்றையும் வாரம் முழுக்க மனப்பாடம் செய்து வர வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அச்சு நூலைப் பார்த்துப் பிழை திருத்துவார். பொருளை மாற்றும் பிழை என்றால் திரும்பிப் போய் வாசிக்க வேண்டும். மொத்தம் 3,04,805 எழுத்துகள், ஒன்று சிதைந்தாலும் சுருள் செல்லாது. ஓர் எழுத்து தேய்ந்து வேறு எழுத்து போலத் தெரிகிறதா என்று சந்தேகம் வந்தால் ரப்பி தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவார்கள். எழுத்து தெரிய வேண்டும், ஆனால் வாக்கியத்தின் பொருளை வைத்து ஊகிக்கும் அளவுக்குச் சாமர்த்தியம் இருக்கக் கூடாது. பிள்ளை சரியாகச் சொன்னால் வாசிப்பு தொடரும். எழுத்து ஐயமில்லாமல் கெட்டிருந்தால் வேறு சுருளை எடுப்பார்கள். கெட்ட சுருளின் இடைக்கச்சையை உறைக்கு வெளியே கட்டி வைப்பது அடையாளம். எழுத்தர் இறகுப் பேனாவால் திருத்தும்வரை அது பேழைக்குள் அப்படியே காத்திருக்கும்.

வாசிப்போடு சேர்ந்தது சுருளைத் தூக்கிச் சபைக்குக் காட்டும் வேலை. பார்க்க எளிது. மூன்று பத்தி தெரியும்படி விரித்து, மேசை விளிம்புக்கு வெளியே பாதி இழுத்து, கீழ்ப் பிடிகளை அழுத்தி நெம்பி, முழங்காலை மடித்து எழ வேண்டும். முதுகால் தூக்கினால் மாட்டிக்கொள்வார். ஆண்டுத் தொடக்கத்தில் ஆதியாகமம் வாசிக்கும்போது பாரம் முழுக்க இடக்கையில், உபாகமம் முடியும்போது வலக்கையில். இடக்கை பலம் குறைந்தவரைக் கபாய் ஆண்டுத் தொடக்கத்தில் அழைக்க மாட்டார்.

இனி தேதிகளுக்கு வருகிறேன். 2026இல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13. தொடங்குவதோ 11ஆம் தேதி வெள்ளி மாலை. நாளிதழ்கள் 12 என்று மட்டும் போட்டால், முதல் மாலைத் தொழுகையும் விருந்தும் முடிந்த பிறகே வாசகர் வாழ்த்துச் சொல்வார். இந்த முறை முதல் நாள் ஷபாத்தில் விழுகிறது, ஆகவே மரபுவழிச் சபைகளில் ஆட்டுக்கொம்பாகிய ஷோஃபார் அன்று ஊத மாட்டார்கள், ஞாயிறு மட்டும்தான். ஊதத் தெரியாதவர் கற்றுக்கொள்ள அதைத் தெருவில் எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்ற கவலையில் முன்னோர் போட்ட வேலி. நூறு முறை ஊதுவதைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் 13ஆம் தேதி போக வேண்டும். ஒரு நீண்ட முழக்கம், மூன்று விட்டுவிட்ட ஒலி, ஒன்பது குறுந்துடிப்பு என்று மூன்று வகை. ஊதுபவரின் உதடு வறண்டாலும் கெட்டது, கொம்புக்குள் எச்சில் தேங்கினாலும் கெட்டது. நடுநடுவே கொம்பை உதறுவது இதற்குத்தான்.

யோம் கிப்பூர் செப்டம்பர் 20 ஞாயிறு மாலை முதல் 21 திங்கள் இரவு வரை, ஏறக்குறைய 25 மணி நேர நோன்பு, தண்ணீரும் இல்லை. தொடக்க ஜெபத்தைச் சூரியன் மறைவதற்கு முன்பே ஆரம்பிப்பதால் இருட்டிய பிறகு போகிறவர் அதைத் தவறவிடுவார். தோல் காலணி அணிய மாட்டார்கள். வெள்ளை உடையோடு துணிக் காலணி போட்டிருப்பது அதனால்தான். ரோஷ் ஹஷானா ஞாயிறு, புதன், வெள்ளியில் வராதபடி நாட்காட்டியை அமைத்ததும் பாதி இந்த நோன்புக்காக. புதன், வெள்ளியில் வந்தால் யோம் கிப்பூர் ஷபாத்தை ஒட்டி விழும், இரண்டு நாள் தொடர்ந்து சமைக்கவோ இறந்தவரை அடக்கவோ முடியாது.

பந்தல் பண்டிகையான சுக்கோத் 25ஆம் தேதி வெள்ளி மாலை தொடங்குகிறது. பந்தல் போடக் கிடைப்பது செவ்வாயிலிருந்து வெள்ளி மதியம் வரை. கூரைக்கு மண்ணிலிருந்து வெட்டியெடுத்த தழையோ மூங்கிலோ வேண்டும், வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும், மேலே மரக்கிளையோ மாடியோ இருக்கக் கூடாது. பலரும் தவறுவது சுவரில். துணிச் சுவர் காற்றில் படபடத்தால் அது சுவராகாது. தரையிலிருந்து ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயரம் வரை, 24 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளியில் பட்டைகளை இழுத்துக் கட்டிவிட்டால் பட்டைகளே சுவராகிவிடும். 26ஆம் தேதி ஷபாத் என்பதால் இந்தப் பண்டிகைச் சடங்குக்கான பேரீச்சங்குருத்தும் எலுமிச்சை இனக் கனியும் கையில் எடுப்பது ஞாயிறு முதல்தான். ஆண்டு வாசிப்பை முடித்துக் கொண்டாடும் சிம்ஹத் தோரா, இஸ்ரேலுக்கு வெளியே அக்டோபர் 4. உபாகமத்தின் முடிவையும் ஆதியாகமத்தின் தொடக்கத்தையும் அன்று அடுத்தடுத்து வாசிப்பார்கள். ஒரே சுருள் என்றால் சபை காத்திருக்க, முழுதையும் திரும்பச் சுற்ற வேண்டும். வசதியுள்ள சபை இன்னொன்றை ஆதியாகமத்தில் நிறுத்தி முன்பே தயாராக வைத்திருக்கும்.

பார்க்கப் போகும் வாசகர்களுக்கு: முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் போங்கள், காவல் ஏற்பாடு காரணமாகப் பல சபைகள் பெயரைக் கேட்டே உள்ளே விடுகின்றன. ஆண்கள் தலையை மூட வேண்டும், வாசலில் தொப்பி இருக்கும். ஷபாத்திலோ பண்டிகையிலோ கைப்பேசி, படம் எடுப்பது, குறிப்பெழுதுவது வேண்டாம். மாலையோ பரிசோ எடுத்துப் போக வேண்டாம், எருவ் இல்லாத ஊரில் அது அவர்களைச் சங்கடப்படுத்தும். அன்று காணிக்கைப் பணம் தொடமாட்டார்கள்.

பண்டிகைத் தேதி வெளியிடும்போது முந்தைய மாலையையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'செப்டம்பர் 11 மாலை முதல் 13 இரவு வரை' என்று போட ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்