நித்தியகல்யாணிக்காக ஒரு வழக்கு

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் நலம் என்று நம் நண்பன் 'அகராதி' சொன்னான். இத்தனை நாள் பதில் எழுதாததற்கான திட்டுகளை நேரில் வைத்துக்கொள். இப்போது எழுதுவதே ஒரு வழக்கில் உன்னைச் சாட்சிக்கு அழைப்பதற்காகத்தான்.

சென்ற வாரம் வந்த அகராதி, வாசலோரத்து நித்தியகல்யாணிச் செடிகளைப் பார்த்து, "சுடுகாட்டு மல்லியை யாராவது வீட்டு வாசலில் வைப்பார்களா?" என்று கேட்டுவிட்டு, எதுவும் நடவாததுபோல் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டான். கொளுத்திப்போடுவது அவன், அணைப்பது நாம் என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடுதானே! மறுநாள் காலையில் என் மனைவி அத்தனை செடிகளையும் பிடுங்கி வேலியோரம் போட்டிருந்தாள். ஐந்து இதழும் நடுவிலுள்ள செம்பொட்டும் வாடாமல், மண் ஒட்டிய வேரோடு அவை கிடந்தன.

எனக்கு ஆறவில்லை. மடகாஸ்கரிலிருந்து வந்த அந்தச் செடியின் பாலில் கசப்பும் நஞ்சும் உண்டென்பதால் ஆடு மாடு வாய் வைப்பதில்லை. நீரூற்ற ஆள் இல்லாவிட்டாலும் ஆண்டு முழுவதும் பூக்கிறது. கவனிப்பாரற்ற கல்லறைகளின் நடுவே அது செழிப்பதும், வீட்டு முற்றத்தில் ஒரு நாளும் பூவின்றி நிற்காததும் இந்த ஒரே குணத்தால்தான். அதே குணத்தை வீட்டில் கண்டவர்கள் மங்கலப் பெயர் வைத்தார்கள், சுடுகாட்டில் கண்டவர்கள் மற்றதை வைத்தார்கள்; தண்டனை மட்டும் செடிக்கு.

1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும், ஜமைக்காவில் நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்துவந்த இதன் இலைகளை ஆராய்ந்தபோது, சர்க்கரை குறையவில்லை. இரத்தத்தின் வெள்ளணுக்கள்தாம் குறைந்தன. அதிலிருந்தே 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வெளிப்பட்டது. பின்னால் இதே செடியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. உன் தம்பி மகனுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் ஏற்றிய மருந்து அதுதான் என்று சொன்னதும் என் மனைவி ஒன்றும் பேசாமல், கிடந்தவற்றில் சிலவற்றை எடுத்து மீண்டும் நட்டாள். ஒன்றும் பிழைக்கவில்லை. ஆகவே உன் கொல்லையில் இரட்டை இரட்டையாகக் காய்த்திருக்கும் அந்த மெல்லிய காய்கள் வெடித்துக் கருவிதைகள் சிதறுமுன் பறித்து அனுப்பு. உறையின் மேல் செடியின் பெயரை மட்டும் எழுதாதே.

இந்தக் கோபத்தில்தான் மற்றப் பூக்களின் பெயர்களையும் தோண்டத் தொடங்கினேன். காகிதப்பூவைப் பார். 1767இல் ரியோ டி ஜெனிரோவில் அதைச் சேகரித்தவர் கோமர்சன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். ஆண் வேடமிட்டு உடன் சென்ற உதவியாளர் ழான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண். இருவரையும் விட்டுவிட்டு, பெயரோ கப்பல் தலைவர் பூகன்வில்லுக்குப் போய்விட்டது! கப்பல் தலைவரை அறியாத நம்மவர்கள் வைத்த காகிதப்பூ என்ற பெயரே எனக்கு உயர்வாகப் படுகிறது. நிறம் ஏறிய அந்த மூன்று காகிதங்களும் உண்மையில் இலைகளே. அவற்றின் நடுவே வெண்குழல் போல நிற்பவைதாம் பூக்கள். அந்திமந்தாரைக்கும் அதற்கும் ஒரே குடும்பம் என்பது தெரியுமா? அதிலும் நாம் இதழ் என்று நினைப்பது இதழல்ல. பொழுது சாயும்போது விரிவதால், ஆங்கிலேயர் அதை நான்கு மணிப்பூ என்கிறார்கள்.

எல்லாவற்றிலும் சுவையானது ரங்கூன் மல்லி. அது மல்லிகைக் குடும்பமே அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்த தாவரவியலாளர் ரம்ஃபியஸ், மலாய்க்காரர்கள் சொன்ன 'உதானி' என்ற பெயரை டச்சுமொழியின் 'எத்தகையது?' என்ற சொல்லாக்கி, பிறகு அதை லத்தீனில் 'குவிஸ்குவாலிஸ்', அதாவது 'யார், எத்தகையவர்?' என்று மாற்றிவிட்டார். செடிகளுக்கு லத்தீனில் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸும் அதையே ஏற்றுக்கொண்டார். மாலையில் வெள்ளையாக விரிந்து, பின் இளஞ்சிவப்பாகி, கடைசியில் செக்கச் சிவந்துபோகும் பூவுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு எதை வைப்பது? தாவரவியலாளர்கள் இப்போது அதை வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அடுத்த மாதம் அகராதி உன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னான். உன் வாசலில் என்னென்ன செடிகள் நிற்கின்றன என்று அதற்குள் ஒருமுறை பார்த்துவை. தம்பி மகனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்