கம்பாசிட்டரைக் காணோமே, பாப்பா

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசியல் பிரசுரங்களைப் பற்றி நீ எழுதி அனுப்பிய இரண்டாம் அத்தியாயத்தைப் படித்து முடித்துவிட்டேன். ஆங்கிலம் அங்கங்கே முரண்டு பிடித்தது. பக்கத்துத் தெரு ரிட்டயர்டு வாத்தியார் புண்ணியத்தில் ஒப்பேற்றினேன். 'கேட்டோ' என்று பெயர் போட்டுக்கொண்டு எழுதிய டிரென்சார்டும் கார்டனும், ஜூனியஸ், டாக்டர் ஜான்சன், ரிச்சர்ட் பிரைஸ், பர்க், மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் என்று யார் யாருக்கு என்ன பதில் கொடுத்தார்கள், சுதந்திரம் என்றபோது யார் மனதில் எது இருந்தது என்பதெல்லாம் தெளிவாக வந்திருக்கிறது. எனக்கே புரிந்தது என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் ஒரு குறை. இத்தனை பக்கத்தில் அச்சுக்கு எழுத்துக் கோக்கிற ஒரு கம்பாசிட்டர்கூட இல்லை. பிரஸ் வைத்திருந்தவன் பெயர் அடிக்குறிப்பில் எட்டிப் பார்ப்பதோடு சரி. பிரசுரங்கள் தானாகவே அச்சாகி காபிக் கடைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. காலமெல்லாம் ஈய எழுத்து பொறுக்கியவனின் மகள் இப்படி எழுதலாமா?

1763ஐ எடுத்துக்கொள். ஏப்ரல் 23 அன்று 'நார்த் பிரிட்டன்' என்ற அரசியல் பத்திரிகையின் 45ஆம் இதழ் வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நாடாளுமன்றத்தில் வாசித்த உரையை, இது அமைச்சர்கள் எழுதிக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் வில்க்ஸ் கிழித்துத் தொங்கவிட்டார். இதழில் அவர் பெயர் கிடையாது. அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கொடுத்த வாரண்டிலும் யார் பெயரும் கிடையாது. எழுதியவன், அச்சடித்தவன், வெளியிட்டவன் எவனோ, அவனைக் காகிதத்தோடு பிடித்து வா என்பதுதான் உத்தரவு. பொது வாரண்ட் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு 49 பேரைப் பிடித்தார்கள். இதுவரை நீயும் எழுதியிருக்கிறாய். அப்புறம் நேராக வில்க்ஸ் டவர் கோட்டைச் சிறைக்குப் போனதற்குத் தாவிவிட்டாய்.

நடுவில் நடந்ததுதான் எனக்கு முக்கியம். டிரைடன் லீச் என்ற அச்சக முதலாளியை ராத்திரியில் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோனார்கள். அவர் 45ஆம் இதழை அச்சடிக்கவே இல்லை! அச்சடித்தவர் ரிச்சர்ட் பால்ஃப் என்று வேறொருவர். லீச்சிடம் கூலிக்கு இருந்தவர்களையும் சேர்த்து அள்ளினார்கள். அதில் ஒருவர் வில்லியம் ஹக்கிள். வாரக் கூலி ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அவரை வைத்திருந்தது சுமார் ஆறு மணி நேரம். அடிக்கவில்லை, திட்டவில்லை, மாட்டிறைச்சியும் பீரும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். வெளியே வந்தவர் வழக்குப் போட்டார். ஜூரி அவருக்குக் கொடுத்த நஷ்டஈடு 300 பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஐந்து வருஷக் கூலிக்கும் மேலே வருகிறது. விருந்து வைத்ததற்கு இவ்வளவா என்று அரசுத் தரப்பு முறையிட்டது. தலைமை நீதிபதி பிராட் குறைக்க மறுத்துவிட்டார். பெயரில்லாத வாரண்டோடு ஒருவன் வீட்டில் நுழைந்து சாட்சியம் தேடுவது ஸ்பெயினின் இன்குவிசிஷன் என்ற மத விசாரணையைவிட மோசம் என்றார்.

தேதியைக் கவனி. ஹக்கிளுக்குத் தீர்ப்பு வந்தது ஜூலையில். வில்க்ஸ் தன் வழக்கில் ஜெயித்து 1000 பவுண்டு வாங்கியது டிசம்பரில். தலைவருக்கு முன்னாலேயே தொழிலாளி வழி போட்டுவிட்டார். வழக்குச் செலவுக்குப் பின்னால் வில்க்ஸின் ஆதரவாளர் டெம்பிள் பிரபுவின் பணம் இருந்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் அரசரின் ஆட்கள் மேல் வழக்குப் போட ஒரு துணிச்சல் வேண்டும். மறுநாள் வேலை கிடைக்குமா என்று யோசிக்காமலா இருந்திருப்பார்? 1765இல், இதே மாதிரி வீட்டைச் சோதனை போட்டதை எதிர்த்த எண்டிக் வழக்கில் அதே நீதிபதி சொன்னதை, சட்டம் என்றால் புத்தகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அது சட்டமே இல்லை என்பதை, நீ அரைப் பக்கம் எடுத்து எழுதியிருக்கிறாய். நல்ல வாக்கியம்தான். அதில் கால் பக்கத்தை ஹக்கிளுக்குக் கொடு.

எமர்ஜென்சியில் நான் வேலை பார்த்த பிரஸ்ஸிலும் இப்படி ஒன்று நடந்தது. ஒரு துண்டு நோட்டீஸ். எழுதினவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் மாட்டோம். கீழே அச்சகத்தின் பெயர் மட்டும் இருந்தது. முதலாளியை ஸ்டேஷனில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தார்கள். இங்கே நாங்கள் இரண்டு பேர் அச்சுக்குக் கட்டி வைத்திருந்த ஃபாரத்தை, அதாவது கோத்த எழுத்துப் பக்கத்தை, அவிழ்த்து, விடிவதற்குள் எழுத்தையெல்லாம் பிரித்து, குழி குழியாக இருக்கும் எழுத்துப் பெட்டியான கேஸில் போட்டு முடித்தோம். 'க' ஒரு குழியில், 'ங' ஒரு குழியில் விழுந்துவிட்டால் அப்புறம் எவன் வந்து என்ன படிப்பான்?

எழுதுகிறவனுக்குப் புனைபெயர் உண்டு, அச்சடிக்கிறவனுக்கு முகவரி உண்டு. ஜூனியஸ் என்ற புனைபெயரில் எழுதியது யாரென்று அன்றைக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 1769 டிசம்பரில் அவர் மன்னருக்கே எழுதிய கடிதத்துக்காக 1770இல் கூண்டில் நின்றது 'பப்ளிக் அட்வர்டைசர்' பத்திரிகையை அச்சிட்ட வுட்ஃபால்தான். இவர் அச்சிட்டாரா இல்லையா என்று மட்டும் பாருங்கள், எழுத்து குற்றமா என்பது என் வேலை என்றார் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு. ஜூரிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? 'அச்சிட்டு வெளியிட்ட குற்றம் மட்டும்' என்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதை வைத்து அவரைத் தண்டிக்க முடியவில்லை. எழுத்து குற்றமா என்பதையும் ஜூரியே சொல்லலாம் என்று ஃபாக்ஸ் கொண்டுவந்த சட்டம் 1792இல்தான் வந்தது.

1771 கதை உன் அத்தியாயத்தில் ஒரே வரி. எனக்கு வந்த கோபம்! நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் பேசுவதைப் பத்திரிகையில் போடக்கூடாது என்று இருந்த காலம். மீறிய அச்சகத்தாரில் வீபிள் என்பவர் தலைக்கு 50 பவுண்டு பரிசு அறிவித்தார்கள். உடனே கார்ப்பென்டர் என்ற அச்சுத் தொழிலாளியே அவரைப் 'பிடித்து', அப்போது லண்டன் நகர ஆல்டர்மேனாக, அதாவது நகரசபை உறுப்பினரும் நீதிபதியுமாக, இருந்த வில்க்ஸிடம் கொண்டுபோய் நிறுத்தினார். வில்க்ஸ் வீபிளை விடுதலை செய்துவிட்டு, பரிசுப் பணம் கேட்கச் சொல்லி கார்ப்பென்டருக்குச் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். ஜான் மில்லர் இன்னும் ஒரு படி மேலே. அவரைப் பிடிக்க சபையின் தூதர் வந்தபோது கான்ஸ்டபிள் தயாராக இருந்தார். கைவைத்த தூதர் மேலேயே தாக்கியதாகப் புகார். மேயர் பிராஸ் கிராஸ்பி கீல்வாத வலியோடு வழக்கைக் கேட்டு, லண்டன் சிட்டிக்குள் சபையின் வாரண்ட் செல்லாது என்று சொல்லிவிட்டார். அதற்காக மேயரும் ஆலிவர் என்ற ஆல்டர்மேனும் டவரில் இருந்தார்கள். ஆனால் அதற்கப்புறம் சபைப் பேச்சை அச்சிடுவதைத் தடுக்க யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை. நாடகம் மாதிரி இருக்கிறதே, இதையா ஒரு வரியில் முடிப்பாய்?

அச்சகத்தாரெல்லாம் வீரர்கள் என்று சொல்ல வரவில்லை. தாமஸ் பெய்னின் 'மனித உரிமைகள்' முதல் பாகத்தை அச்சிட்ட ஜோசப் ஜான்சன் வெளியீட்டின்போது பின்வாங்கினார். ஜோர்டன் எடுத்துப் போட்டார். இரண்டாம் பாகத்தை அச்சிட்ட சாப்மன் 100, 500, கடைசியில் 1000 கினிவரை உரிமைக்கு விலை பேசியவர். பெய்ன் தரவில்லை. பாதி அச்சான நிலையில், ஒரு பக்கத்தைப் பார்த்து பயந்து சாப்மன் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெய்ன் குடித்துவிட்டு வந்து சண்டை போட்டதும் அதற்கு ஒரு சாக்காக அமைந்தது என்று அவரே பின்னால் சாட்சி சொன்னார். அரசுதான் ஏவியது என்று பெய்ன் சந்தேகப்பட்டார். எனக்கு சாப்மன் மேல் கோபமில்லை. பெண்டாட்டி பிள்ளை உள்ளவன்.

நம் தஞ்சாவூர் வருகிற இடத்தை அம்மா மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆற்காட்டு நவாபுக்காக மெக்ஃபர்சன் லண்டனில் பேனா பிடித்ததும், தஞ்சை ராஜாவுக்கு எட்மண்ட் பர்க்கின் நண்பர் வில்லியம் பர்க் ஏஜெண்டாகப் போனதும் அவளுக்குப் பெரிய ஆச்சரியம். அங்கே உரிமை, நியாயம் என்று பிரசுரம் பறந்துகொண்டிருந்தபோது இங்கே கடன்காரர்கள் விளைச்சலை அடமானம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகுதியை நீ அடக்கி வாசித்திருக்கிறாய். அடக்காதே.

இன்னொன்று. 1799இல் அச்சகத்தைப் பதிய வேண்டும், ஒவ்வொரு பிரசுரத்திலும் அச்சிட்டவர் பெயரும் முகவரியும் வேண்டும் என்று அங்கே சட்டம் போட்டார்கள். அதே மாதிரி விதி 1867இல் இந்தியாவுக்கும் வந்தது. நான் கல்யாணப் பத்திரிகை முதல் தேர்தல் நோட்டீஸ் வரை அடியில் அந்தச் சின்ன வரியைக் கோத்துக் கோத்தே வயதானவன். அத்தியாயத்தை, பேச்சையும் கூட்டத்தையும் ஒடுக்கிய 1795 தடைச் சட்டங்களோடு நிறுத்தாமல் 1799 வரை கொண்டுபோ.

ஃப்ளீட் தெருப் பக்கம் போனால் செயின்ட் பிரைட் நூலகத்தை எட்டிப் பார். அச்சுத் தொழிலுக்கென்றே உள்ள நூலகமாம், வாத்தியார் சொன்னார். பழைய எழுத்துக் கேஸ் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு. அவர்கள் எதை எந்தக் குழியில் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். திருத்திய அத்தியாயத்தை 14 பாயிண்டில் அனுப்பு, போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க முடியவில்லை. அம்மா தனியாக எழுதுவாள்.

அன்புடன்,
அப்பா